நெஞ்சு வருத்தம்

போன வருசம் தை மாதத்தில் இருந்து ஒரு விசயத்தை நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் போனுக்குள் வைத்திருந்தேன். வெள்ளவத்தையில் நாங்கள் இரண்டு பேர் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறோம். ரூம்மேட் நித்திரையான பிறகு போர்வைக்குள் போனைக் கொண்டுபோய், மார்பைப் பெரிதாக்குகிற ஒப்பரேஷன் பற்றித் தேடுவேன். தமிழில் தேடினால் வெந்தயம், உளுந்து, பத்து நாளில் பலன் தருகிற கிறீம். இங்கிலீசில் தேடினால் முன்பு, பின்பு என்று படங்கள். எனக்குத் தெரிய வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கிடந்தது. அதைக் கண்டுபிடிக்கக் கன நாள் எடுத்தது. கடைசியில் எனக்கு மிச்சம் வேண்டியிருந்த ஒரு பதில் இன்ரநெற்றில் இருக்கவே இல்லை.

எனக்கு வயது 27. கம்பஸ் முதல் வருசத்தில் சீனியர்மார் வைத்த பட்டம் 'கரம்போட்'. நாலு வருசமும் அதுதான் என் பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பேன். பிறகு மச்சாளின் கலியாணத்துக்குச் சாறிச் சட்டை தைக்கக் குடுக்கப் போனபோது, தையல்கார அன்ரி அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பாட் வைச்சுத்தான் தைக்கோணும், இல்லாட்டிச் சட்டை நிக்காது" என்றா. மாமியும் சித்தியும் பக்கத்தில் நின்றார்கள். சித்தி ஆறுதல் சொன்னா: "கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் சரிவரும்."

உன் உடம்பை நீயே நேசி என்று சொல்லுகிற ஆக்களில் எனக்குக் கோபம்தான் வரும். நான் பல்லுக்குக் கம்பி கட்டின நேரம் உன் பல்லை நீயே நேசி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு இது வேணும் போல இருந்தது. ஆம்பிளைக்காகவா, எனக்காகவா என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு எனக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமென்றால் நல்லது.

அளவு பார்க்க ஒரு வழி வாசித்தேன். இம்பிளான்ற்றை சீசீ கணக்கில்தான் சொல்லுவார்கள். 300 சீசீ அரிசியை அளந்து, மெல்லிய காலுறையில் போட்டு முடிச்சுப் போட்டு, பிறாவுக்குள் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். ரூம்மேட் ஊருக்குப் போன சனிக்கிழமை சம்பா அரிசியோடு ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன். கண்ணாடிக்கு முன்னால் முதல் அரை மணித்தியாலம் நல்ல சந்தோசம். பின்னேரம் தோள் இழுத்தது. இரவு அதே அரிசியைக் கழுவிச் சோறு காய்ச்சினேன்.

ரண்டு சீட்டு எடுத்த காசு கையில் இருந்தது. இது காசு சேர்த்து ஒருநாள் போய்ச் செய்துவிட்டு மறக்கிற வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த எண்ணம்தான் முதலில் உடைந்தது. இம்பிளான்ற் ஆயுள் முழுக்க இருக்கிற சாமான் இல்லை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருத்தர் வரைக்கும் பத்து வருசத்துக்குள் அதை எடுக்க வேண்டி வருகிறது என்று 2011இல் எழுதியிருந்தார்கள். 27 வயதில் வைத்தால் 37, 47 என்று போகும். முதல் ஒப்பரேஷனுக்கு மட்டும்தான் என்னிடம் சீட்டுக் காசு இருந்தது.

ஏன் எடுக்க வேண்டி வருகிறது என்றால், உள்ளே வைக்கிற எந்தப் பொருளையும் உடம்பு சும்மா விடாது. அதைச் சுற்றித் தழும்புச் சதையால் ஒரு கோது கட்டும். எல்லாருக்கும் கட்டும், அது சாதாரணம். சிலருக்கு அந்தக் கோது இறுகும். இறுகினால் மார்பு கல்லு மாதிரி ஆகும், வடிவம் மாறும், நோகும். சிலிக்கன் ஜெல் உறை வெடித்தால் வெளியில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அதனால் வைத்து ஐந்து ஆறு வருசத்தில் ஒரு எம்.ஆர்.ஐ அல்லது ஸ்கான், பிறகு இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருக்கா என்று பார்க்கச் சொல்லுகிறார்கள். என் கணக்குக் கொப்பியில் அந்தக் காசுக்கு நிரலே இல்லை.

இதன் சரித்திரமும் கொஞ்சம் வாசித்தேன். முதல் சிலிக்கன் இம்பிளான்ற் 1962இல் அமெரிக்காவின் ஹியூஸ்ரனில் ரிம்மி ஜீன் லின்ட்சி என்ற பெண்ணுக்கு வைக்கப்பட்டது. அவ இதைக் கேட்டுப் போகவே இல்லை. நெஞ்சில் குத்தியிருந்த பச்சையை அழிக்கப் போனவ. டொக்டர்மார்தான் இதைச் செய்துபார்ப்போமா என்று கேட்டார்கள். அவவுக்குத் தன் காது வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதுதான் கவலை. காதையும் சரிசெய்து தருகிறோம் என்றதும் ஓம் என்றுவிட்டா. இதை வாசித்துவிட்டுக் கன நேரம் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

1992இல் அமெரிக்காவில் அழகு ஒப்பரேஷனுக்குச் சிலிக்கன் ஜெல்லை நிறுத்தி, 2006இல்தான் திரும்ப விட்டார்கள். 2010இல் பிரான்சின் பிப் கொம்பனி, மருத்துவத்துக்கான சிலிக்கனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைச் சிலிக்கனை அடைத்துப் பல நாடுகளுக்கு விற்றது பிடிபட்டது. முதலாளி மறியலுக்குப் போனார். 2019இல் அலர்கன் கொம்பனி, மேற்பரப்பு சொரசொரப்பான ஒரு வகையை உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தது. அந்த வகையோடு ஒரு நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புபட்டிருந்தது. அது மார்புப் புற்றுநோய் இல்லை, இம்பிளான்ற்றைச் சுற்றியுள்ள கோதில் வருகிறது, மிக அரிது. சாதாரண மார்புப் புற்றுநோயை இம்பிளான்ற் உண்டாக்குவதாகக் காணப்படவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பயங்காட்டுகிற ஆளாகிவிடுவேன். கடைசியில் இதிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு கேள்விதான்: எந்தக் கொம்பனி, எந்த வகை, எந்த இலக்கம்? இம்பிளான்ற் விபரம் எழுதின அட்டையைக் கையில் தருவார்களா என்று கேளுங்கள். செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த டொக்டரா, பிளாஸ்ரிக் சேர்ஜரியில் விசேட பயிற்சி எடுத்தவரா என்று பாருங்கள். பியூட்டி பாலரில் ஊசியால் ஏற்றிவிடுகிறோம் என்று யாரும் சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். ஊசியால் ஏற்றுகிற சிலிக்கன் ஓரிடத்தில் நிற்காது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய் ஆளையே கொல்லக்கூடியது.

சித்திரை கழிந்து கொழும்பில் ஒரு தனியார் ஹொஸ்பிட்டலில் நம்பர் எடுத்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை எனது போர்மைப் பார்த்துவிட்டு, "பிறெஸ்ற் சேர்ஜரிக்கா மிஸ்?" என்று முழு ஹோலுக்கும் கேட்கக் கேட்டா. முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். அப்பவே எழும்பி வந்திருப்பேன். காசு கட்டிவிட்டேனே என்று இருந்தேன்.

டொக்டர் நல்ல மனிசன். அவருக்குத் தமிழ் தெரியாது, நான் இங்கிலீசில் கதைத்தேன். உண்மையில் அது எனக்கு வசதியாக இருந்தது. எங்கட வீட்டில் அந்த உறுப்புக்கு ஒரு சொல்லே இல்லை. 'மார்பு' புத்தகத்தில் இருக்கிற சொல், மற்றச் சொல் கெட்ட சொல். மிச்சம் 'நெஞ்சு' மட்டும்தான். இங்கிலீசில் அந்தச் சொல் கதிரை, மேசை மாதிரி வாயிலிருந்து வந்தது.

அவர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். மார்பின் கீழ் மடிப்பில் வெட்டலாம், காம்பைச் சுற்றி வெட்டலாம், கக்கத்தால் போகலாம். தசைக்கு மேலே வைக்கலாம், கீழே வைக்கலாம். காம்பைச் சுற்றி வெட்டினால் பிறகு பால் குடுக்கிறதில் பிரச்சினை வரக் கூடுதலான இடமுண்டு. தொடுகை உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பி வராது. வயிற்றில் இருந்தோ தொடையில் இருந்தோ கொழுப்பை எடுத்து வைக்கிற முறையும் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பங்கை உடம்பு திரும்ப உறிஞ்சிவிடும். அதோடு என்னைப் பார்த்துவிட்டு, எடுக்க உன்னிடம் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று சிரித்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு கன வாரம் பாரம் தூக்கக்கூடாது, முதல் நாட்களில் கையை உயர்த்திச் சட்டை போடுகிறதே கஷ்டம், வீட்டில் யார் பார்ப்பார்கள் என்றார். ரூம்மேட் என்று பொய் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகுதான் அந்தக் கேள்வி. "குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் வந்திருக்கிறதா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரம் பெரியம்மாவின் துவாய் ஞாபகம் வந்தது.

பெரியம்மா 2008இல் செத்துப்போனா. எனக்குப் பதினொரு வயது. அவவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டால் வீட்டில் எல்லாரும் ஒரே பதில் சொல்லுவார்கள்: நெஞ்சு வருத்தம். பதினாறு வருசமாக நான் அதை ஹார்ட் என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் குடும்ப வருத்தங்களை எழுதச் சொன்ன போர்மில் கூட 'இதய நோய்' என்று எழுதியிருக்கிறேன். பெரியம்மா கடைசிக் காலத்தில் வீட்டுக்குள்ளேயும் ஒரு துவாயைத் தோளில் போட்டு நெஞ்சை மூடிக்கொண்டுதான் இருப்பா. வெயில் காலத்திலும்.

டொக்டருக்கு, கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன். கேட்டுவிட்டு வா, யாருக்கு, எத்தனை வயதில் என்று தெரிய வேண்டும், அது தெரியாமல் மற்றதைக் கதைக்க முடியாது என்றார்.

ஒரு கிழமை அம்மாவுக்குப் போன் எடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன்.

"அம்மா, பெரியம்மாவுக்கு என்ன வருத்தம்?"

"நெஞ்சில."

"நெஞ்சில எண்டா? ஹார்ட்டா?"

அம்மா பேசாமல் இருந்தா. பின்னால் றேடியோ கேட்டது. அதை நிப்பாட்டிப்போட்டு வந்தா.

"கட்டி. ஒரு வருசமா ஒருத்தருக்கும் காட்டேல்ல. ஒருநாள் குளிக்க வாக்கேக்கதான் நான் கண்டனான். அப்ப ஏ9 பூட்டு. கப்பலுக்குப் பதிஞ்சு, கிளியரன்ஸ் எடுத்து, மகரகமைக்குக் கொண்டு போகேக்க எல்லாம் பிந்திப் போச்சு. ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தவை. நாப்பத்தொரு வயசு. அம்மம்மான்ர தங்கச்சியும் அப்பிடித்தான் எண்டு கதை. ஏன் இப்ப கேக்கிறாய்? உனக்கு ஏதும் கட்டி கிட்டியோ பிள்ளை?"

அந்தக் குரலைக் கேட்ட பிறகு பொய் சொல்ல ஏலாமல் போய்விட்டது. சொன்னேன். ஒப்பரேஷன், சிலிக்கன், சீட்டுக் காசு, எல்லாம். அம்மா கத்துவா என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"அப்ப அதையும் வெட்டுறவையோ?"

"வெட்டி எடுக்கிறேல்ல அம்மா. வைக்கிறது."

"ம். அக்காக்குச் சும்மா வெட்டி எடுத்தாங்கள். நீ காசு குடுத்து வைக்கப்போறாய்."

அவ கோபத்தில் சொன்னதா, பகிடியாகச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு அழுதேன். பெரியம்மா துவாயால் மூடினது எதை என்று அப்போதுதான் விளங்கியது. நானும் கம்பஸ் நாலு வருசமும் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

டொக்டரிடம் திரும்பிப் போனேன். ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. இம்பிளான்ற் வைத்தால் மார்பைப் பரிசோதிக்கவே முடியாது என்று இல்லை, ஆனால் மமோகிராமில் அது கொஞ்சச் சதையை மறைக்கும், கூடுதலான படங்கள் எடுக்க வேண்டும், எடுக்கிறவருக்கும் அனுபவம் வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். எங்கட மாதிரிக் குடும்பத்தில், எந்த வயதில் இருந்து, எவ்வளவுக்கு ஒருக்கா, எப்படிப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் மற்றதுக்குப் போகலாம் என்றார். செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. போகிறபோது அம்மாவுக்கு எத்தனை வயது, எப்பவாவது பார்த்திருக்கிறாவா என்று கேட்டார். 56. ஒருநாளும் இல்லை.

சீட்டுக் காசு இன்னும் பாங்கில்தான் கிடக்கிறது. ஆசை போய்விட்டதா என்றால் இல்லை, நல்ல சட்டை ஒன்றைக் கண்டால் திரும்ப வருகிறது. ரூம்மேட்டுக்குச் சொல்லிவிட்டேன். அவள் முதலில் கேட்டது, "அந்தச் சனிக்கிழமை அரிசி குறைஞ்சது அதாலதானா?"

அம்மாவைப் போகவைக்க மூன்று மாதம் எடுத்தது. முதலில் விரதம் என்றா, பிறகு மழை என்றா, பிறகு ஆம்பிளை டொக்டரோ என்று கேட்டா. கடைசியில் போன மாதம் சித்தியையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறா. வேலையில் இருந்தபோது வொய்ஸ் மெசேஜ் வந்தது. பஸ் ஸ்ராண்டில் நின்று கதைக்கிறா போல, பின்னால் ஒரே ஹோன் சத்தம்.

"பிள்ளை, மமோகிராம் எடுத்தாச்சு. எனக்கும் ஒண்டும் இல்லையாம், சித்திக்கும் இல்லையாம். ரெண்டு தட்டுக்கு நடுவில வைச்சு நெரிக்கிறாங்கள், சரியான நோ. நீ அதை வைச்சா நெரிக்கேக்க வெடிச்சுப் போகாதோ எண்டு அந்தப் படம் எடுக்கிற பிள்ளையிட்டைக் கேட்டனான். வேற மாதிரி எடுப்பினமாம், ஆனா இருக்குதெண்டு முதலே சொல்லோணுமாம். சித்தி பக்கத்தில நிண்டவ. இப்ப அவவுக்கும் தெரியும்."