டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் ஒரு பி.எஸ்ஸி.

பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

இன்ஜினீயரிங் வேண்டாம், பிசிக்ஸ்தான் படிப்பேன் என்று உங்கள் மகள் ஒற்றைக்காலில் நிற்பதாகப் போனில் சொன்னீர்கள். பி.எஸ்ஸி. படித்துவிட்டு என்ன செய்வாள் என்ற கவலையும் கூடவே வந்தது. பிளஸ் டூவில் நன்றாகப் படிக்கும் பிள்ளை இருக்கும் எல்லா வீடுகளிலும் ஓடுகிற பேச்சுதான். மல்லேஸ்வரத்தை அடுத்த ஒரு வளாகத்தில் 2011 முதல் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் பார்க்க வந்த இடத்தில் கண்டதும் கேட்டதும் அவளுக்காகவே இந்தக் கடிதத்தில்.

யஷ்வந்த்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ஐஐஎஸ்சி என்றால் போதும். ஆள் கொஞ்சம் வயதானவர் என்றால், ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்டா?’ என்று திருப்பிக் கேட்பார். இந்திய அறிவியல் நிறுவனம் (ஐஐஎஸ்சி) ஊருக்கு இன்னமும் டாட்டா இன்ஸ்டிட்யூட்தான். ஜாம்ஷெட்ஜி டாட்டா ஆசைப்பட்டுத் திட்டமிட்ட நிறுவனம். பார்க்கத்தான் அவர் இல்லை. 1904-ல் அவர் காலமானார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது, 1909-ல் நிறுவனம் பிறந்தது, 1911-ல் முதல் மாணவர்கள் வந்தார்கள். மெட்ரோவில் வருபவர்கள் சாண்டல் சோப் ஃபேக்டரி ஸ்டேஷனிலும் இறங்கலாம். அந்தப் பெயருக்கும் இந்த வளாகத்துக்கும் உறவு உண்டு. முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சந்தனக்கட்டை மைசூரிலேயே தேங்கிவிட்டது. கட்டையிலிருந்து தைலம் இறக்க முடியுமா என்று செய்து பார்த்தவர்கள் இந்த நிறுவனத்தின் வேதியியல் ஆட்கள். மைசூர் சாண்டல் சோப்பின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேட்டுக்குள் போனதும் ஊர்ச் சத்தம் பாதியாகிறது. தெருக்களுக்கு குல்மோஹர் மார்க், நீலகிரி மார்க் என்று மரப் பெயர்கள். இரவில் மரக்கிளைகளில் தேவாங்கு நடமாடுகிறது. பெங்களூரின் நடுவில் இப்படி ஒரு மிருகம் மிஞ்சியிருப்பதே ஆச்சரியம். பகலில் எங்கு பார்த்தாலும் சைக்கிள். பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்கள். அவர்களுக்கு இடையில், மீசை அரும்பாத பையன்களும் தோளில் பை தொங்கும் பெண்களும் கூட்டமாகப் போனால் அவர்கள் ‘யூஜி’, அதாவது இளநிலை மாணவர்கள். வளாகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முதல் நூறு ஆண்டுகள் இந்த யூஜி இல்லை. ஒரு பட்டம் வாங்கிய பிறகுதான் இங்கே சேர முடிந்தது. இங்கு முன்பு நடந்த பி.இ. படிப்புக்கே பி.எஸ்ஸி. முடித்திருக்க வேண்டும். பள்ளி முடித்த கையோடு நுழைகிற கதவு 2011 ஆகஸ்டில்தான் திறந்தது. உயிர்வேதியியலாளர் பி. பலராம் அப்போது இயக்குநர். நான்கு ஆண்டுப் படிப்பு, ஆண்டுக்குச் சுமார் 120 பேர். இன்று அதன் பெயர் பேச்சலர் ஆஃப் சயின்ஸ் (ரிசர்ச்). இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் தவிர மெட்டீரியல்ஸ், புவி மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியவற்றிலும் மேஜர் எடுக்கலாம்.

மேஜர் பின்னால்தான் வரும். முதல் ஒன்றரை ஆண்டு எல்லோருக்கும் எல்லாம். கணக்குக்காகவே உயிர் வாழும் பையனும் உயிரியல் லேபில் மைக்ராஸ்கோப்புக்கு முன் உட்கார வேண்டும். டாக்டராக நினைத்து மனம் மாறி வந்த பெண்ணும் புரோகிராம் எழுத வேண்டும். இவற்றோடு கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் வரலாறு, சமூகம். நம் ஊரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து, பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்களுக்கு இதில்தான் முதல் அடி விழுகிறது. இரண்டாவது அடி கணக்கில்.

அந்த இரண்டாவது அடியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதல் செமஸ்டர் கணக்குக்குச் சொல்லப்படும் புத்தகங்களில் ஒன்று டாம் அபோஸ்டலின் கால்குலஸ். அமெரிக்காவின் கால்டெக்கில் பாடம் நடத்தியவர் எழுதியது. முதல் பதிப்பு 1961-ல் வந்தது. புத்தகத்தைத் திறந்தால் வகையிடல் இல்லை. மெய்யெண்கள் என்றால் என்ன, எந்த அடிப்படை விதிகளை ஒப்புக்கொண்டு அவற்றைக் கட்டுகிறோம் என்று ஆரம்பிக்கிறது. அதன் பிறகு தொகையிடல். வகையிடல் அதற்கும் பின்னால்தான். கோச்சிங் சென்டரில் இரண்டு வருடம் ஒரு கணக்குக்கு இரண்டு நிமிடம் என்று பழகிய பிள்ளைக்கு இது தலைகீழாகத் தெரியும். பூஜ்யத்தால் எந்த எண்ணைப் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வரும் என்பதை நிரூபி என்று கேட்டால் என்ன எழுதுவது? விடை தெரியும். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இந்தப் படிப்பின் அசல் சரக்கு இங்கே இருக்கிறது. பாடத்தின் அளவு மற்ற கல்லூரிகளைவிட அதிகம் என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. விடை தெரிந்தவனிடம் காரணம் கேட்கிறார்களே, அதுதான் பெரிய விஷயம்.

நான்காம் ஆண்டில் ஆய்வு. ஒரு பேராசிரியரின் லேபில் இடம் பிடித்து, முன்பே விடை எழுதி வைக்கப்படாத ஒரு கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் இருந்து எம்.எஸ்ஸி. வாங்கிக்கொள்ளலாம். நேரே பிஎச்.டி.க்கு அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகிறவர்களும் பலர்.

இளநிலை மாணவர் ஆராய்ச்சி செய்வது நமக்குப் புதிதில்லை. சேப்பாக்கம் மாநிலக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர் 1928-ல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டைப் போய்ப் பார்த்தார். படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று அவர் வாயால் கேட்டு, புதிய குவாண்டம் கொள்கையைத் தானே படித்தார். அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை. பட்டம் வாங்கியது 1930-ல்தான்.

அதே கல்லூரியின் இன்னொரு ஆனர்ஸ் மாணவி கதை அவ்வளவு இனிப்பாக முடியவில்லை. அதற்குக் களம் இந்த பெங்களூரு வளாகம்.

பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி, மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, 1940-ல் உதவித்தொகையோடு சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். வேலை, வைரங்களும் மாணிக்கங்களும் ஒளியை எப்படி உமிழ்கின்றன என்று பார்ப்பது. ஒளி மிக மங்கல் என்பதால் ஒரு போட்டோ பிளேட் பதிய 15, 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் அவர் லேபிலேயே தங்கினார். தன் பெயரில் மட்டும் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு, 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஐஐஎஸ்சிக்கு அப்போது சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது 1958-ல்தான். எம்.எஸ்ஸி. இல்லை என்று சொல்லி அன்னா மணிக்குப் பிஎச்.டி. மறுத்துவிட்டார்கள். இன்டர்மீடியட்டுக்கு மேல் மூன்று ஆண்டு படித்த ஆனர்ஸ் கணக்கில் வரவில்லை. அவர் இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகள் பற்றிப் படித்து வந்து, இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவையே கட்டி எழுப்பினார். அந்த ஆய்வேடு பக்கத்திலேயே சதாசிவ நகரில், ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில், பட்டம் வாங்காமலே இருக்கிறது.

மகளைப் பெற்றவர் என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1933-ல் கமலா பாக்வத் என்ற பம்பாய்ப் பெண் இங்கே விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவே ராமன் மறுத்தார். கமலா விடவில்லை, நிபந்தனைகளோடு சேர்க்கப்பட்டார். 1939-ல் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. வாங்கினார். பிற்காலத்தில் கமலா சோஹோனி என்று அறியப்பட்டவர் அவர்தான்.

பட்டத்தின் பெயரும் ஆண்டுக் கணக்கும் வெறும் காகிதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த யூஜி படிப்பே அதில் மாட்டி மீண்டது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013-ல் நான்கு ஆண்டுப் பட்டம் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உத்தரவால் கைவிட்டது. அதே சூட்டில் யுஜிசியின் பார்வை இங்கும் திரும்பியது. மூன்றாண்டு ஓடிக்கொண்டிருந்த படிப்பு, முதல் அணி வெளியே வர இன்னும் ஓராண்டு. கடைசியில் பெயரோடு ‘ரிசர்ச்’ சேர்ந்தது. மூன்று ஆண்டில் பி.எஸ்ஸி.யோடு கிளம்ப வழியும் விடப்பட்டது. 2015-ல் முதல் அணி பட்டம் வாங்கியது. வேடிக்கை அதற்குப் பிறகுதான். 2020 தேசியக் கல்விக் கொள்கை வந்து, நான்கு ஆண்டு ஆனர்ஸை நாடு முழுவதற்கும் கொண்டுபோகச் சொன்னது. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வு செய்யலாம் என்பது யுஜிசியின் 2022 விதி. கர்நாடகம் முந்திக்கொண்டு 2021-லேயே அமல்படுத்தியது. ஆட்சி மாறியதும் 2024-ல் மூன்று ஆண்டுக்கே திரும்பிவிட்டது. தமிழ்நாடு அந்தப் பக்கமே போகவில்லை.

இதில் கர்நாடக அரசைக் குறை சொல்வது எளிது. ஆனால் நான்காம் ஆண்டு என்றால் அதற்கு லேப் வேண்டும், வழிகாட்ட நேரமுள்ள பேராசிரியர் வேண்டும். ஐஐஎஸ்சி நூறு ஆண்டு ஆராய்ச்சி செய்துவிட்டுப் பிறகு மாணவர்களை உள்ளே விட்டது. சாதாரண அரசுக் கல்லூரியில் ஒரு ஆண்டை மட்டும் கூட்டி எழுதினால் ஆராய்ச்சி வந்துவிடாது.

குறையே இல்லையா என்றால், ஆள் எடுக்கும் முறை ஒரு குறை. கிஷோர் வைக்ஞானிக் புரோத்சாகன் யோஜனா என்று ஒரு தேர்வு இருந்தது, சுருக்கமாக கேவிபிஒய். 1999-ல் ஆரம்பித்தது, நடத்தியதே ஐஐஎஸ்சிதான். எழுத்துத் தேர்வோடு நேர்காணலும் உண்டு. அறிவியலில் ஆசை உள்ள பிள்ளையை அது ஓரளவு அடையாளம் கண்டது. 2022-ல் அதை மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது ஜேஇஇ அட்வான்ஸ்டு, அல்லது இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் (ஐஐஎஸ்இஆர்) நடத்தும் நுழைவுத் தேர்வு. ஜேஇஇ இன்ஜினீயர்களைப் பொறுக்கும் சல்லடை. அதில் ராங்க் வாங்கி, கேட்ட கிளை கிடைக்காமல் இங்கே ஒதுங்குகிறவர்களும் இருப்பார்கள். ஐஐஎஸ்இஆர் தேர்வு பரவாயில்லை: 60 கேள்விகள், உயிரியல் உட்பட நான்கு பாடங்களுக்கும் 15 வீதம். உங்கள் மகள் எந்தக் குரூப் என்று நீங்கள் சொல்லவில்லை. உயிரியல் இல்லை என்றால் இப்போதே ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

கணக்கில்தான் பித்து என்றால் வேறு வழியும் உண்டு. மைசூரு சாலையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு மையம் பி.மேத். (ஆனர்ஸ்) நடத்துகிறது, மூன்று ஆண்டு. நம் பக்கம் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், சி.எஸ். சேஷாத்ரி வளர்த்தது, 1998 முதல் இளநிலை கணிதம் சொல்லித்தருகிறது. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு. நிரூபணம் எழுதச் சொல்லிக் கேட்பார்கள். கோச்சிங் வேகம் அங்கே செல்லாது.

நேரில் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி - மார்ச் வாக்கில் ஒரு சனிக்கிழமை, ஐஐஎஸ்சியில் ‘ஓப்பன் டே’. கேட் எல்லோருக்கும் திறந்திருக்கும், லேப்கள் திறந்திருக்கும், மாணவர்களே நின்று விளக்கம் சொல்வார்கள். முதல் நாள் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இங்கே இருக்கலாம். மல்லேஸ்வரம் மார்கோசா ரோட்டில் வீணா ஸ்டோர்ஸில் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டுவிட்டு, சீக்கிரமே உள்ளே போய்விடுங்கள். நேரம் ஆக ஆகப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் நெரிக்கும், டெமோ மேசைக்குப் பக்கத்திலேயே போக முடியாது. யூஜி மாணவர்கள் நிற்கும் இடத்தைக் கேட்டு அவளை அங்கே விட்டுவிட்டு, நீங்கள் கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்காருங்கள். அப்பா பக்கத்தில் நின்றால் அவள் கட்டணத்தைப் பற்றித்தான் கேட்பாள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்