எங்கப்பா தள்ளிய கார்

எங்க ஊர்ல கார் தள்ளுறதுக்குன்னே ஒரு ஆளு இருந்தாரு. அவரு எங்கப்பா. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் சின்ன வெங்காயமும் போட்ட ஒரு பண்ணையில் அவர் பண்ணையாள். ஆண்டையிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. காலையில் லேசில் கிளம்பாது. அப்பாவும் இன்னும் ரெண்டு பேரும் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போவார்கள். உறுமிக் கிளம்பி, புகையை அவர்கள் மூஞ்சியில் விட்டுவிட்டுப் போய்விடும். அத்தனை வருஷம் தள்ளிய காருக்குள் ஒருநாளும் அவர் உட்கார்ந்ததில்லை. கழுவும்போது சீட்டைத் தொடலாம். உட்காரத்தான் கூடாது.

1998இல் நான் ஒரு அம்பாசடர் வாங்கினேன். அரசு ஏலத்தில் கழித்துவிட்ட வெள்ளை மார்க் 4. எனக்கு அரியலூர்ப் பக்கம் வாத்தியார் வேலை. பஸ் இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது. பஸ்ஸில் அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஊர்த்தெரு வழியாகக் கூட்டிப்போக முடியாதே.

எங்க காலனியிலிருந்து ரோட்டைப் பிடிக்க ஊர்த்தெரு வழியாகத்தான் வரணும். நான் படிக்கிற காலத்தில் அங்கே எங்காளுங்க சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும். முதல்நாள் அந்தத் தெருவில் அப்பாவோடு காரில் வந்தேன். திண்ணைகளில் ஆட்கள். நடுத்தெருவில் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப இருமியது, எழும்பவில்லை. நான் பக்கத்தில் பார்ப்பதற்குள் அப்பா இறங்கிப் போய் டிக்கியில் கையை வைத்துவிட்டார். யாரும் தள்ளச் சொல்லவில்லை. கைக்குப் பழக்கம். திண்ணையிலிருந்து ஒரு குரல்: "காரு மாறுனாலும் தள்ளுற ஆளு மாறல பாரு."

அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "பேட்டரிய மாத்துப்பா" என்று மட்டும் சொன்னார்.

பேட்டரியோடு நான் நிறுத்தவில்லை. எஞ்சினையே மாற்றினேன். அந்தக் காரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காலத்துச் சரக்கு. பின்னால் வந்த அம்பாசடர்களில் ஜப்பான்காரன் இசுசுவின் டீசல் எஞ்சின் இருந்தது. நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து அதை கியர்பாக்ஸோடு பிடித்தோம். மவுண்டிங்கைப் புதிதாக வெல்டு வைத்து, கூடுதல் எடை தாங்க முன்பக்க டார்ஷன் பாரை முறுக்கி ஏற்றி, ரேடியேட்டரைப் பெரிசாக்கி, மேஸ்திரி ஒரு மாசம் மாரடித்தார். பழைய வண்டியில் கியர் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும். இப்போது தரைக்கு வந்துவிட்டதால் நீள முன்சீட்டை ரெண்டாக வெட்டணும் என்றார். கூடாதுன்னேன். அப்பாவும் அம்மாவும் முன்னால் சேர்ந்து உட்காரணும். கம்பியைக் காய்ச்சி வளைத்துக் கொடுத்தார். இன்றைக்கும் மூன்றாவது கியர் போட்டால் பக்கத்தில் இருப்பவர் முழங்காலில் இடிக்கும்.

எஞ்சின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற ஏழு தடவை நடந்தேன். உனக்கெல்லாம் எதுக்குக் கார் என்பதை எத்தனை மரியாதையான வார்த்தைகளில் கேட்க முடியும் என்று அங்கேதான் படித்தேன்.

பழைய கார்ப் பிரியர்கள், ஒரிஜினல் எஞ்சின் போச்சே என்று வருத்தப்படுகிறார்கள். ஒரிஜினல்தானே எங்களை அந்தத் தெருவில் நிறுத்தியது! அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்று ஒரு அறிவியல் வாத்தியார். 1966இல் வாங்கிய ஸ்வீடன் நாட்டு வால்வோவை விடாமல் ஓட்டி 2013இல் முப்பது லட்சம் மைலைத் தொட்டார். மனுசன் பெரிய ஆள்தான். எந்தத் தெருவிலும் அவரை இறங்கித் தள்ளிப் போகச் சொன்னவன் இல்லை.

எனக்கு நினைவு வருவது பாபாசாகேப்பின் சாலிஸ்காவ் பயணம். 1929. பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினராக இருந்தவர் அவர். தீண்டப்படாதவரை உட்கார வைத்து ஓட்டுவது கேவலம் என்று டோங்காக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு விட்டார்கள். விருந்தாளியை நடக்க விட மனமில்லாத மகர் சனங்களில் ஒருவர், பழக்கமில்லாமலே ஓட்டினார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து பாபாசாகேப்பின் கால் முறிந்தது. பாரிஸ்டர் படித்தவருக்கே இந்தக் கதி.

இப்போதும் தினம் ஓட்டுகிறேன். அரியலூர் ரோடு சிமெண்ட் லாரிகளின் ரோடு. சுண்ணாம்புக்கல் தூசி பானட்டில் மாவு மாதிரி படியும். 2014இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுபோனது. சாமானுக்குப் பழைய இரும்புக் கடைகளில் அலைகிறேன். பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் இருந்ததை 2022இல் 5000 ஆக்கினார்கள், பிறகும் ஏற்றினார்கள். கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். காலனியில் ராத்திரி வலி எடுத்த பெண்களைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்த வண்டி. 2009இல் அப்பாவைக் கடைசியாகக் கொண்டுபோனதும் இதில்தான். படுக்க வைக்கலாம் என்றார்கள். முன்சீட்டில் உட்கார்ந்துதான் வருவேன் என்றார்.

போன மாசம் ஆண்டையின் பேரன் வீட்டுக்கு வந்தார். சென்னையில் வேலை. நல்ல பிள்ளை, வாங்க போங்க என்றுதான் பேசினார். "எங்க தாத்தாகிட்ட இதே மாதிரி இருந்துச்சாம் சார். குடுத்துடுங்க, நல்ல விலை தர்றேன்" என்றார். இல்லை என்றேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்டார்ட் ஆகுமா சார்?" என்றார்.

"தள்ள வேண்டியதில்ல தம்பி."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்துக்கொண்டே போனார். நான் பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது.