அரை விலை மின்சாரம்

தள்ளுபடி என்னும் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு மந்திர சக்தி உண்டு. ஆடி பிறந்தால் ஜவுளிக் கடை வாசலில் கூட்டம் நெரிகிறது. ஐப்பசி பிறந்தாலோ, கைத்தொலைபேசியின் சின்னத் திரைக்குள்ளேயே கடைத்தெரு முழுவதும் வந்து நின்றுகொண்டு, "பாதி விலை! இன்று மட்டும்!" என்று கூவுகிறது. தள்ளுபடியில் வேண்டாத புடவை ஒன்றை வாங்கிவிட்டால் பெரிய நஷ்டமில்லை. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு வைத்துக் கொடுத்துவிடலாம். தள்ளுபடியில் வாங்கிய பாட்டரியை யாருக்கு வைத்துக் கொடுப்பது? அதைப் பற்றித்தான் நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம்.

பாட்டரி என்றதும் கைவிளக்கில் போடும் பாட்டரியை நினைத்துவிட வேண்டாம். தோட்டத்தில் புல் வெட்டவும், வேலிச் செடியைக் கத்தரிக்கவும், கிளை அறுக்கவும், சருகு ஊதித் தள்ளவும் இப்போது வந்திருக்கும் கம்பியில்லாத யந்திரங்களில் சொருகுகிறார்களே, அரைச் செங்கல் அளவுள்ள பாட்டரி, அதைச் சொல்கிறோம். பெட்ரோல் யந்திரத்தின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலி கண்டவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும். புகையில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தமும் அவ்வளவில்லை. அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியார் 1961-ல் கம்பியில்லாத துளைப்பு யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது அதற்குள் இருந்தது நிக்கல்-காட்மியம் பாட்டரி. 1991-ல் ஜப்பானின் ஸோனி கம்பெனியார் லித்தியம்-அயனி பாட்டரியைச் சந்தைக்குக் கொண்டு வந்தனர். அதற்கு அடிகோலிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைந்து சக்தி கூடியதனால்தான் இன்று மரம் அறுக்கும் வாள்கூடக் கம்பியின்றிச் சுழல்கிறது.

ஆனால் இந்த யந்திரங்களை வாங்கப் போகிறவர் ஒரு விந்தையைக் காண்பார். யந்திரத்தின் விலை அப்படியொன்றும் அதிகமில்லை. அதன் வயிற்றில் சொருகும் பாட்டரிதான் யானை விலை சொல்கிறது. போதாததற்கு, ஒரு கம்பெனியின் பாட்டரி மற்றொரு கம்பெனியின் யந்திரத்தில் பொருந்தாதபடி காடிகளை வெவ்வேறாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே, முதல் யந்திரம் வாங்குவது சம்பந்தம் பேசுவது போன்ற காரியம். பெண் ஒருத்தியைத்தான் பார்க்கிறோம். சேர்ந்து வருவது குடும்பம் முழுவதும். ஐரோப்பாவில் இந்தச் சங்கடத்துக்குச் சிறிது பரிகாரம் தேடியிருக்கிறார்கள். மெட்டாபோ கம்பெனியின் முயற்சியில் 2018-லும், பாஷ் கம்பெனியின் முயற்சியில் 2020-லும், பல கம்பெனிகள் கூடி ஒரே பாட்டரியைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டணிகள் இரண்டு ஏற்பட்டன. எல்லாருக்கும் பொதுவான பாட்டரி என்பது மட்டும் இன்னும் வரவில்லை. பாட்டரி விலை அதிகம், மாற்றுவழியும் இல்லை என்ற இந்த இடுக்கில்தான் தள்ளுபடிக்காரர் வந்து நுழைகிறார்.

நம்மிடம் படித்த பையன் ஒருவன், தொழிற்பயிற்சி முடித்துவிட்டு, புல் வெட்டும் யந்திரம் ஒன்றுடன் வீடு வீடாகச் சென்று தோட்ட வேலை செய்து வருகிறான். தகப்பனார் இல்லை, தங்கை கல்லூரியில் படிக்கிறாள். மழைக்காலம் தொடங்கிப் புல் கிளம்பினால்தான் அவனுக்கு வேலை. சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாட்டரிகளைக் கையில் ஏந்திக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். ஒன்று, இரண்டு மாதத்துக்கு முன் யந்திரத்துடன் வந்த அசல். மற்றொன்று, அதே காடியில் பொருந்தும்படி யாரோ செய்தது. ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு வாங்கினானாம். அசலைத் தனியாக வாங்கினால் 5,400 ரூபாய்.

"ஸார், அம்மா மகளிர் குழுவில் 10,000 ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இந்த மலிவு பாட்டரியில் இன்னும் நாலு வாங்கிவிட்டால் நாள் முழுக்க வேலை செய்யலாம். அசலில் வாங்கினால் ஒன்றுதான் கிடைக்கும். நீங்கள்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்" என்றான்.

குழுக் கடன் என்பது வாரந்தோறும் தவறாமல் திருப்ப வேண்டிய கடன். ஒருத்தி தவறினால் மற்றப் பெண்களின் முகத்தில் விழிக்க முடியாது. ஆகவே, கணக்கை நாம் விளையாட்டாகப் போடவில்லை.

பாட்டரியின் கொள்ளளவை அளக்கும் படி ஒன்று உண்டு. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி வரும். அசலின் மேல் 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. ஆகவே 72 வாட்-மணி. மலிவின் மேல் 18 வோல்ட், 6 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. ஆகவே 108 வாட்-மணி. எழுத்தை நம்பினால், அசலில் ஒரு வாட்-மணிக்கு 75 ரூபாய். மலிவில் 22 ரூபாய்தான். பையனின் கண் மின்னியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் எழுத்து வேறு, புல் வேறு. இரண்டையும் நிறையச் சார்ஜ் செய்து, நம் கொல்லையில் ஒரே மாதிரிப் புல்லில் யந்திரத்தை ஓட்டச் சொன்னோம். நம் பெண் கடிகாரம் பிடித்தாள். அசல் 20 நிமிஷம் ஓடிற்று. எழுத்தின்படி அரைமணி ஓட வேண்டிய மலிவோ 9 நிமிஷத்தில் கண்ணை மூடிவிட்டது. 20 நிமிஷத்துக்கு 72 என்றால் 9 நிமிஷத்துக்கு ஏறக்குறைய 32. ஆக, அதில் இருந்தது 108 அன்று, 32 வாட்-மணிதான். 2,400 ரூபாயை 32-ஆல் வகுத்தால் 75 ரூபாய்! பாதி விலைக்கு வாங்கியதாக அவன் எண்ணிய பொருளில் பாதிப் பொருள்கூட இல்லை. அசலுக்குக் கொடுத்திருந்த உத்தரவாதம் இதற்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், மலிவே விலை அதிகம்.

சந்தேகத்தை முழுவதும் தீர்க்க இரண்டையும் தெருக்கோடி அண்ணாச்சி கடைக்கு எடுத்துச் சென்று தராசில் வைத்தோம். அசல் 640 கிராம். மலிவு 410 கிராம். இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தப் பாட்டரிகளுக்குள் பெரும்பாலும் இருப்பவை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சிறு உருளைகள். ஒவ்வொன்றும் சுமார் 45 கிராம். ஓர் உருளைக்கு 3.6 வோல்ட், ஐந்தைத் தொடராகக் கோத்தால் 18 வோல்ட். அந்த அளவு உருளை ஒன்றுக்குள் 6 ஆம்பியர்-மணியை அடைக்க முடியாது. ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, அதாவது பத்து உருளை வேண்டும். பத்து உருளைக்கே 450 கிராம் ஆகிவிடுமே! கூட்டோடு சேர்த்து 410 கிராம் நிற்கிற பாட்டரியில் பத்து உருளை எங்கிருந்து வரும்?

அண்ணாச்சி சிரித்தார். "ஆறு என்று எழுதினால் ஆறு ஆகிவிடுமா, வாத்தியாரையா? பருப்பு மூட்டையின் மேல் என்ன எழுதியிருந்தாலும் நான் நிறுத்துப் பாராமல் இறக்குவதில்லையே!" என்றார். பௌதிக சாஸ்திரம் படிக்காதவர்தான். ஆனாலும் விஷயத்தின் மர்மம் அவர் வாயில்தான் வந்தது.

இதே தந்திரத்தின் வேறொரு வடிவமும் உண்டு. பாட்டரியின் மேல் 48 என்றும் 88 என்றும் பெரிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். வோல்ட் என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டியது. உள்ளே ஐந்து உருளைதான் இருந்தால், முழுச் சார்ஜிலும் 21 வோல்ட்டுக்கு மேல் வராது. அசல் கம்பெனிகளிலேயே சிலர் 18 என்றும் சிலர் 20 என்றும் போடுகிறார்களே என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றுதான்: வேலை செய்யும்போது இருக்கும் அளவு 18, நிறையச் சார்ஜ் செய்தவுடன் இருக்கும் உச்ச அளவு 20 சொச்சம்.

இதனால் தள்ளுபடி எல்லாமே மோசம் என்று நாம் சொல்வதாக நேயர்கள் நினைக்கக் கூடாது. சாயங்காலச் சந்தையில் கத்தரிக்காய் மலிவாகக் கிடைக்கிறது. கடையைக் கட்டும் அவசரத்தில் நல்ல காயையும் குறைத்துக் கொடுப்பார்கள். வாடிய காயையும் தள்ளிவிடுவார்கள். காம்பைப் பார்த்து வாங்குகிறவளுக்கு லாபம். பாட்டரியும் கத்தரிக்காயைப் போல வாடும் சரக்குத்தான். அலமாரியில் சும்மா இருந்தாலும், அதுவும் கோடையில் வெந்து கிடந்தால், அதன் ஆயுள் தேய்ந்துகொண்டே வரும். வெகுநாள் கிடந்து அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால், சார்ஜர் அதை ஏற்றுக்கொள்ளவே மறுத்துவிடும்.

பாட்டரிக்குக் காம்பு எது? முதலாவது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்க வேண்டிய தயாரிப்பு மாதமும் வருஷமும். சில மாதச் சரக்கானால் தள்ளுபடி உண்மை. இரண்டு மூன்று வருஷச் சரக்கானால் அது தள்ளுபடியன்று, தள்ளிவிடுதல். இரண்டாவது, இந்தியத் தர நிர்ணயத்தின் பதிவு முத்திரை. லித்தியம் பாட்டரிக்குரிய தர எண் ஐ.எஸ். 16046. மூன்றாவது, கடைக்காரர் பெயருடன் கூடிய ரசீது; உத்தரவாதம் நடப்பது அதைக் கொண்டுதான். நான்காவது, படத்தை நம்பாமல் பட்டியலைப் படிப்பது. படத்தில் பாட்டரி கம்பீரமாக வீற்றிருக்கும். கீழே பொடி எழுத்தில் "பாட்டரி, சார்ஜர் தனி" என்றிருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். "60 சதவிகிதத் தள்ளுபடி" என்பது பெட்டியில் அச்சிட்ட உச்ச விலையிலிருந்து கணக்கிட்டது. உச்ச விலை என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற வரம்பேயன்றி, சந்தையில் அந்தப் பொருள் அந்த விலைக்குத்தான் விற்றது என்பதற்குச் சாட்சியன்று.

சார்ஜரைப் பலர் நினைப்பதேயில்லை. பாட்டரிக்கு ஆயிரங்களைக் கொடுத்தவர்கள், சார்ஜரில் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள். லித்தியம் உருளை ஒன்றை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. நல்ல சார்ஜர் பாட்டரியுடன் பேசி, சூட்டையும் நிறைவையும் கேட்டறிந்து, தானே நின்றுவிடும். காடி பொருந்துகிறது என்பதற்காக எதையோ மாட்டினால், அது தன்பாட்டுக்கு மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கக்கூடும். இரவில் வீடே தூங்கும்போது தீப்பிடிக்கவும் கூடும். இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது வீட்டைப் பணயம் வைப்பதாகும். வேகத்துக்கும் கணக்கு எளிது: 4 ஆம்பியர்-மணிப் பாட்டரியை 2 ஆம்பியர் சார்ஜர் நிரப்ப இரண்டு மணிக்குச் சற்று மேலாகும், 4 ஆம்பியர் சார்ஜர் ஏறக்குறைய ஒரு மணியில் நிரப்பும். வேலைக்குப் போகிறவனுக்கு வேகமான சார்ஜர் ஒன்று, கூடுதல் பாட்டரி ஒன்றுக்குச் சமானம்.

இந்தக் கடைசிக் கணக்குத்தான் பையனுக்கு வழி காட்டிற்று. மலிவில் நாலு வாங்கினால் 9,600 ரூபாய். கிடைப்பது 36 நிமிஷ வேலை. டவுனில் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் விசாரித்தோம். தீபாவளிக்காக, 4 ஆம்பியர்-மணிப் பாட்டரி இரண்டும், 4 ஆம்பியர் சார்ஜர் ஒன்றும் சேர்ந்த பெட்டியை 9,800 ரூபாய்க்கு வைத்திருந்தார்கள். நான்கு மாதத்துக்கு முந்தைய சரக்கு. அதில் 40 நிமிஷ வேலை. தன்னிடமிருந்த பழைய அசலைச் சேர்த்தால் ஒரு மணி. ஒன்றை ஓட்டும்போது மற்றொன்று வாடிக்கைக்காரர் வீட்டுத் திண்ணையில் நிரம்பிக்கொண்டிருக்கும். சார்ஜரை நீக்கிப் பாராமலே வாட்-மணிக்கு 68 ரூபாய்தான். உண்மையான தள்ளுபடி என்றால் அதுதான். பையன் அதை வாங்கினான். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அவனுக்கு ஓய்வில்லை. தை பிறந்ததும் அம்மாவின் குழுக் கடனில் கடைசித் தவணை தீர்ந்தது.

வாங்கிய பிறகு பேணுவதும் ஒரு தள்ளுபடிதான் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பினோம். வெயிலில் வேலை செய்து கொதித்துக்கொண்டிருக்கும் பாட்டரியை உடனே சார்ஜரில் போடாமல் நிழலில் ஆறவிட வேண்டும். வேலையில்லாத கோடை மாதங்களில் அதை நிறைத்தும் வைக்காமல், ஒட்ட வடித்தும் வைக்காமல், பாதியளவு வைத்துக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் வைக்கவே கூடாது. மருந்து தெளிக்கும் ஸ்பிரேயரில் ஈயப் பாட்டரி இருந்தால் முறை வேறு: அதை எப்போதும் நிறைத்தே வைக்க வேண்டும், காலியாகக் கிடந்தால் கெட்டுப் போகும்.

ஆயுள் முடிந்த பாட்டரியைக் குப்பையில் எறிவதும், பழைய இரும்புக்காரனுக்குப் போடுவதும் வேண்டாம். 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு விதிகள், தயாரித்தவர்களே அதைத் திரும்பப் பெற்றுப் புதுப்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. விற்ற கடையில் போய்க் கேட்பது நம் பாத்தியதை.

தீபாவளித் தள்ளுபடி அடுத்த வருஷமும் வரும்; அதற்கு அடுத்த வருஷமும் வரும். "இன்று மட்டும்" என்று கூவுகிறவர் நாளையும் கூவத்தான் போகிறார். ஆகவே அவசரம் வேண்டாம். எத்தனை சதவிகிதம் குறைத்தார்கள் என்று கேட்பதற்கு முன், எத்தனை நிமிஷம் புல் வெட்டும் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கடையில் பாட்டரி வாங்காதீர்கள், கத்தரிக்காய்கூட வாங்காதீர்கள்.