தன் பெயரை மறந்த கணினி

2023 டிசம்பர் 9, சனி

ஸ்பார்க்ஸ்டேஷன் 1 வீடு வந்து சேர்ந்தது. 1989-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்டது. பதினாறு அங்குலச் சதுரம், மூன்று அங்குல உயரம். பீட்சா பெட்டி என்றுதான் சொல்வார்கள். மூடியைத் திறந்ததும் விரிவாக்கக் கார்டுகளைச் செருகும் எஸ்பஸ் ஸ்லாட்டுகளைத்தான் தேடினேன். மூன்று இருந்தன. அஞ்சலட்டை அளவு கார்டு, மதர்போர்டின் மேல் படுத்தாற்போல உட்கார்கிறது. முந்தைய சன்-3 இயந்திரங்களின் விஎம்இ போர்டு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. இதை வடிவமைத்த ஆண்டி பெக்டோல்ஷைம் அத்தனையையும் இந்தப் பெட்டிக்குள் அடக்கினாரே!

மின்சாரம் கொடுத்தேன். அடையாளத் தகவல் செல்லாது என்று செய்தி வந்தது. தான் எந்த மாடல், தன் ஈதர்நெட் முகவரி என்ன, எதுவுமே அதற்குத் தெரியவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

எதிர்பார்த்ததுதான். அடையாளத் தகவலை வைத்திருக்கும் எம்48டி02 என்ற சிப்புக்குள் கடிகாரமும் இரண்டு கிலோபைட் நினைவகமும் உண்டு. பேட்டரியும் அதன் தலைக்குள்ளேயே வைத்து மூடப்பட்டிருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டு எந்த பேட்டரிதான் தாங்கும்? மேல்பூச்சை அரத்தால் அராவி, பழைய இணைப்பை அறுத்துவிட்டு, பொத்தான் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்தேன்.

இரவு அடையாளத் தகவலின் பதினாறு பைட்டுகளைக் கையால் எழுதினேன். முதலில் 01. அடுத்து 51, இந்த மாடலின் எண். பிறகு 08, 00, 20. சன் இயந்திரங்களின் முகவரி முன்னொட்டு. மீதியை நானே தேர்ந்தெடுத்தேன். கடைசி பைட் சரிபார்ப்புக்கு.

டிசம்பர் 13, புதன்

வேலை முடிந்து வந்து கலர் கிராஃபிக்ஸ் கார்டை மூன்றாம் ஸ்லாட்டில் செருகினேன். இந்த மாடலில் மூன்றாவதில் இருக்கும் கார்டு தானாக பஸ்ஸைக் கைப்பற்றி நினைவகத்தை எட்ட முடியாது. படம் காட்டும் கார்டுக்கு அது தேவையுமில்லை. திரை உடனே ஒளிர்ந்தது. ஜம்பர் எதையும் நான் தொடவில்லை.

அந்தக் காலத்து பிசி கார்டுகளுக்கு இன்டரப்ட் எண், முகவரி என்று ஒவ்வொன்றாக ஜம்பர் மாற்றி எத்தனை இரவுகள் கழிந்தன! எஸ்பஸ்ஸில் முகவரியை ஸ்லாட்டே தந்துவிடும். மற்றதைக் கார்டே சொல்கிறது. அதன் ரோமில் (ROM) எஃப்கோடு என்ற சிறு நிரல். ஃபோர்த் மொழியைச் சுருக்கிய வடிவம். கணினி விழித்ததும் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போய் 'நீ யார்?' என்று கேட்கிறது. கார்டு தன் பெயர், ரெஜிஸ்டர்கள், எழுத்தைத் திரையில் வரையும் விதம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறது. எந்தப் பிராசசரின் மொழியும் அதில் இல்லை. சன் பொறியாளர் மிட்ச் பிராட்லியின் இந்த ஏற்பாடு 1994-இல் ஐஇஇஇ 1275 தரமானது. என் ஆண்ட்ராய்டு போனுக்குள் வன்பொருளைப் பட்டியலிடும் டிவைஸ் ட்ரீ அதன் வழிவந்ததுதான். இதைவிட மரியாதையான வடிவமைப்பு ஒன்றை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 16, சனி

பழைய ஹார்ட் டிஸ்க் சுழல்கிறது, ஹெட் நகரவில்லை. பதிலுக்கு மெமரி கார்டை ஸ்கஸி டிஸ்க்காகக் காட்டும் சிறு போர்டு. டிஸ்க்குகளை இணைக்கும் ஸ்கஸியில் 0 முதல் 7 வரை எட்டு எண்கள், 7 கணினிக்கு. முதல் டிஸ்க்தானே என்று 0 வைத்தேன். தேடச் சொன்னால் 0-இல் டிஸ்க் இருப்பதாகச் சொல்கிறது. பூட் செய்யச் சொன்னால் இல்லை என்கிறது. டெர்மினேட்டர் மேல் சந்தேகம் வந்தது. கேபிளின் முனை வெறுமனே இருந்தால் சிக்னல் மோதித் திரும்பிவந்து அடுத்த சிக்னலைக் குழப்பும். மாற்றிப் பார்த்தேன். கேபிளையும் மாற்றினேன். பொழுது போய்விட்டது.

டிசம்பர் 17, ஞாயிறு

காலையில் அமைப்புகளை வரிசையாகப் படித்தபோது டிஸ்க்குகளின் வரிசை கண்ணில் பட்டது: 31204567. பூஜ்யமாவது டிஸ்க் என்றால் இந்த இயந்திரம் போய்ப் பார்ப்பது ஸ்கஸி எண் 3-ஐ! 3-ஐப் பூஜ்யத்தின் இடத்திலும் பூஜ்யத்தை 3-இன் இடத்திலும் வைத்திருக்கிறார்கள். எஸ்பஸ் கார்டுக்கு இடத்தை ஸ்லாட்டே தருகிறது; ஸ்கஸி டிஸ்க்குக்கு அப்படியில்லை. நாம்தான் எண் வைக்க வேண்டும்.

3 வைத்தேன். சன்ஓஎஸ் 4.1.1 எழுந்து லாகின் கேட்டது. உள்ளே போய் முதல் கட்டளையாக இயந்திரத்தின் அடையாள எண்ணான ஹோஸ்ட்ஐடி கேட்டேன். 51 என்று தொடங்கி, போன ஞாயிறு நான் எழுதிய எண்களைச் சொன்னது.