விலை அறியாத வழிப்போக்கர்

காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த மச்சான் ஸ்பென்சரைப் பார்த்தே தீரவேண்டும் என்றார். அவருடைய வாப்பா வாலிபத்தில் அந்த வாயில்வரை சென்று, உள்ளே நுழையக் கூசித் திரும்பியவராம். ஐயப்பன்தாங்கலில் பேருந்தேறி, போரூர் கடந்து அண்ணா சாலையை அடைந்தோம்.

1860-களில் சென்னையில் தோன்றிய அவ்வணிகத்தின் பழம்பெரும் கட்டடம் 1983-ல் தீக்கிரையாயிற்று. அதே இடத்தில் எழுந்த ஸ்பென்சர் பிளாசாவைத்தான் இன்று காண்கிறோம். இத்தகைய பேரங்காடியைப் பிரெஞ்சு மக்கள் ‘மகசான்’ என்பர். பண்டகசாலை எனப் பொருள்படும் நம் அரபுச் சொல்லாகிய ‘மக்ஸன்’ கடல் கடந்து பெற்ற உருவம் அது. வாசகர் கையிலுள்ள மாத இதழை ஆங்கிலத்தில் ‘மேகஸின்’ என்கிறோமே, அதுவும் அச்சொல்லின் கிளைதான்!

நான் மச்சானிடம் விரித்துரைத்தது ஜப்பானியக் கடை ஒன்றின் வரலாற்றை. இன்று தோக்கியோவில் மித்சுகோஷி எனப் புகழுடன் விளங்கும் பேரங்காடி, 1673-ல் மித்சுயி தகதோஷி என்பவர் எச்சிகோயா என்ற பெயரில் திறந்த துணிக்கடை. அக்காலத்துத் துணி வணிகர் செல்வர் வீடுகளுக்குச் சரக்கைக் கொண்டுசென்று, ஆளுக்கேற்ற விலை கூறிக் கடனுக்கு விற்பர். இவரோ கடையிலேயே, ரொக்கத்திற்கு, எவர்க்கும் ஒரே விலை என்றார். பேரம் பேசத் தெரியாத அயலூரானும் அஞ்சாமல் நுழையலாயிற்று.

நம் ஃபிக்ஹு நூல்களும் அயலூரானை மறக்கவில்லை. சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தை விலையை அறியுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அங்கே ஏமாறுபவர் விற்பவர். வாங்குபவர் நிலை என்ன? அதிக விலை என்ற ஒன்றுக்காக மட்டும் வணிகத்தை முறிக்க நம் ஷாஃபிஈ மத்ஹபில் இடமில்லை. மாலிகி, ஹன்பலி அறிஞர்களோ, விலையறியாது விற்பவரை நம்பி வாங்குபவரை ‘முஸ்தர்ஸில்’ எனப் பெயரிட்டு, அளவு மீறி ஏமாற்றப்பட்டால் வணிகத்தை முறிக்கும் உரிமையை அவருக்கு அளிப்பர். மத்ஹபால் நான் ஷாஃபிஈ. இந்த ஒன்றில் மனம் அவர்கள் பக்கமே சாய்கிறது.

திரும்பும் வழியில் வேறொரு கடையில் நுழைந்தோம். அயல்நாட்டுப் பெண்மணி ஒருவர் சால்வை ஒன்றின் விலையைக் கேட்டு, இரண்டாயிரம் ரூபாயை மறுபேச்சின்றி எண்ணிக் கொடுத்துச் சென்றார். அதே நெசவைச் சுட்டி மச்சான் கேட்டார். “உங்களுக்கு எழுநூறு” என்று ஸலாமுடன் சிரித்தார் கடைக்காரர். நம்மவர்!

முஸ்தர்ஸிலைப் பற்றி அவரிடம் எடுத்துரைத்தேன். பொறுமையாகவே கேட்டார்.

“ஹஜ்ரத், இந்தக் கடைக்கு மாத வாடகை என்ன தெரியுமா?”

தொகையைச் சொன்னார். எங்கள் மத்ரஸாவில் நான்கு உஸ்தாதுகளின் சம்பளம் அது. எனக்கு உடனே விடை தோன்றவில்லை. மச்சான் சால்வையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் பெண்மணி எத்திசையில் சென்றார் என்று வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.