படம் திக்கும் நோய்

நம் மூத்த மகனுக்கு நாகர்கோவிலிலுள்ள மாமன் மக்களோடு தமிழ் பேச வாய்க்கும் பொழுது, மாலையில் கைப்பேசியில் ஆடும் பிஜிஎம்ஐ ஆட்டம் ஒன்றே. 2021இல் வெளிவந்த அவ்வாட்டத்தை வீண்பொழுதென்று இகழ, பழவங்காடியில் குடியிருக்கும் நமக்கு மனம் வரவில்லை.

சென்ற மாதம் ஆட்டம் தொடங்கிய கால் மணியில் படம் திக்கலாயிற்று. புதுக் கைப்பேசி வேண்டுமென்றான். ரயில்வே எழுத்தரின் சம்பளத்தில் அது எளிதோ?

இணையம் தாமதித்தால் எதிராளி தாவித் தாவித் தோன்றுவான். ஆயினும் பார்வையைத் திருப்பினால் திரை வழுக்கிச் செல்லும். இங்கோ திரை முழுதுமே தடுமாறிற்று. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 17 மில்லி நொடியே. சூடேறிய கருவி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், படங்கள் பிந்தும். முதலில் நன்றாயிருந்து பின்னர்க் கெடுவது இதன் அடையாளம். நம்மூர்ப் புழுக்கத்தில் கேட்கவா வேண்டும்!

அன்பர்களே, ஒவ்வொன்றாகவே மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் குற்றவாளி எதுவெனத் தெரியாது. முதல் நாள், மின்னேற்றிக்கொண்டே ஆடுவதை நிறுத்தினோம், திக்கல் குறைந்தது. மறுநாள், அவன் அத்தை சாலைக் கடைத்தெருவில் வாங்கித் தந்த தடித்த ரப்பர் உறையைக் கழற்றினோம், திக்கல் நின்றது. அத்தைக்குத்தான் சற்று மனத்தாங்கல். நாகர்கோவில் பிள்ளைகளோ, இப்போது இரவு உணவுக்குக்கூட இவனை விடுவதில்லை.