கால் தேய நடந்தால்

மறைமலை நகர் ஸ்டேஷனில் இறங்கித் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தால் லேத் பட்டறைகள், ஸ்பிரிங் அடிக்கும் ஷெட்டுகள், கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்யும் சின்னச் சின்ன யூனிட்டுகள். டீக்கடையில் வழி கேட்டேன். “கால் கம்பெனியா? பவுடர் கோட்டிங் கடைக்கு அடுத்த ஷெட்” என்றார் மாஸ்டர், டீயை ஆற்றுவதை நிறுத்தாமல்.

கால் கம்பெனியில் மொத்தம் 4 பேர். வாசலில் ஆளுயரத்துக்குப் பைப்புகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் அதே ஹெச்.டி.பி.இ. ரகம்தான், நிறம் மட்டும் தோலுக்குக் கிட்டே. உள்ளே ஒரு ஓவன், மாவுக்கட்டுப் பவுடர் மூட்டை, சுவரோரம் வரிசையாக ரப்பர் பாதங்கள். தையல் மெஷினில் பெல்ட் தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் ஒரு ஊன்றுகோல் சாய்ந்திருந்தது.

பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து வலது காலைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். இலங்கையின் வன்னியில் விறகு எடுக்கப் போன இடத்தில் மிதிவெடி. அப்போது வயது 19. பிறகு படகேறி வந்து, இப்போது ஒரு மறுவாழ்வு முகாமில் குடும்பத்தோடு இருக்கிறார். தமிழ்நாட்டில் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள்.

“இது எத்தனாவது கால் தம்பி?” என்று கேட்டார் பட்டறைப் பெரியவர்.

“இது ஆறாவது அண்ணை. இதுக்கு முந்தினதை ஒரு இலவச முகாமில தந்தவை. மேடையில வச்சுப் போட்டுவிட்டு போட்டோவும் எடுத்தவை. ரெண்டு மாதத்தில புண் வந்திட்டுது. திரும்பிப் போய்க் கேக்க அங்க ஒருத்தரும் இல்லை.”

பெரியவர் பதில் சொல்லவில்லை. முட்டிக்குக் கீழே எஞ்சியிருந்த காலை இரண்டு கையாலும் பிடித்து, தேங்காய் முற்றலா என்று பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். மெல்லிய பருத்தி உறையை மாட்டி, காப்பிங் பென்சிலால் குறி வைத்தார். முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு கோடு. அந்த இடம் பாரம் தாங்கும். முழங்காலுக்கு வெளிப்பக்கம் புடைத்த எலும்பில் ஒரு வட்டம், அறுபட்ட எலும்பின் நுனியில் ஒரு வட்டம். அங்கே பாரம் ஏறக்கூடாது. பிறகு நனைத்த மாவுக்கட்டைச் சுற்றினார். அது இறுகியதும் உருவியபோது, ஊதா நிறக் குறிகள் உட்புறத்தில் அப்படியே பதிந்திருந்தன.

அந்தக் கூட்டுக்குள் மாவைக் கரைத்து ஊற்றினால் காலின் அச்சு கிடைக்கும். வேலையே அதற்குப் பிறகுதான். பாரம் தாங்கும் இடத்தில் அரத்தால் மாவைச் சீவி எடுக்கிறார். எலும்பு இருக்கும் இடத்தில் மாவை அப்பிச் சற்று உயர்த்துகிறார். எஞ்சிய கால் நுழையும் கூடான சாக்கெட் இந்த அச்சின்மேல்தான் உருவாகும். “எடுத்த இடத்துல சாக்கெட் இறுக்கும், வெச்ச இடத்துல விட்டுக்கொடுக்கும். எவ்ளோ எடுக்கணும்னு எந்த புஸ்தகமும் சொல்லாது சார். ஒரு நூல் மாறினா புண்ணு.” அந்த இலவசக் கால் எந்த இடத்தில் தவறியது என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஓவனில் இளகிய பைப்பைக் கையுறை போட்ட இரண்டு பேர் தூக்கி, அச்சின்மேல் காலுறை மாட்டுவதுபோல ஒரே இழுப்பில் இறக்கினார்கள். ஆறுவதற்குள் ஈரத்துணியால் அழுத்தி அழுத்தி உருவம் பிடித்தாக வேண்டும். ஆறியபின் உள்ளே இருந்த மாவு அச்சைச் சுத்தியலால் தட்டி உடைத்துக் கொட்டினார்கள். பத்திரமாக வைத்தால் அடுத்த முறைக்கு உதவாதா என்று கேட்டேன். “அடுத்த வாட்டி இவர் காலு இதே மாதிரியா இருக்கும்?” என்றார் பெரியவர். தசை வற்றும், உடம்பு இளைக்கும், பருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் அளவெடுக்க வேண்டும்.

சுவரோரம் இருந்தவை ஜெய்ப்பூர் பாதங்கள். 1968 வாக்கில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன் வந்த மேல்நாட்டுப் பாதம் ஷூவுக்குள் இருக்கவென்றே செய்யப்பட்டது. அதை வைத்துக்கொண்டு சம்மணமிட முடியாது, குந்தி உட்கார முடியாது, சேற்றில் இறங்க முடியாது. ரப்பரையும் மரக்கட்டையையும் அடுக்கி, மேலே ரப்பர் போர்த்தி, அச்சில் வேகவைத்த இந்தப் பாதம் வெறுங்காலோடு நடக்கும், வரப்பிலும் நடக்கும். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. அதிகம் படிக்காத சர்மாவின் பெயர் பட்டறைகளுக்கு வெளியே அவ்வளவாக எட்டவில்லை.

பெரியவர் நோட்டைத் திறந்து தேதி எழுதியபோது நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். வளர்ந்தவருக்கு ஒரு கால் மூன்றிலிருந்து ஐந்து வருடம் உழைக்கும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். இலங்கையில் 2009இல் போர் முடிந்தபோது 8 வயதில் காலிழந்த குழந்தைக்கு 18 வயதுக்குள்ளேயே பத்துக் கால்களாவது வேண்டியிருந்திருக்கும். அந்தப் பிள்ளை 70 வயது வாழ்ந்தால் இன்னும் பத்துப் பதினைந்து. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது. வெடிகளைத் தோண்டி எடுத்துவிடலாம். கால்களுக்கான தேவை இந்த நூற்றாண்டின் பின்பாதி வரைக்கும் போகும்.

அதனால்தான் யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சண்டை நடந்த காலத்திலும் அது கால் செய்தது. சண்டை ஓய்ந்த பிறகும் செய்கிறது. காபூலில் செஞ்சிலுவைச் சங்கம் 1988இல் திறந்த மையம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கால் செய்கிறவர்களில் பெரும்பாலோர், ஒரு காலத்தில் கால் கேட்டு வந்தவர்கள். எங்கே வலிக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புண் வந்தால் திரும்பிப் போக ஒரு கதவு, உள்ளே போனதும் தன்னை அடையாளம் தெரிந்த ஒரு கை: போர் முடிந்த ஊரில் மறுவாழ்வு என்ற சொல்லுக்கு நான் பார்த்த வரையில் இதுதான் அர்த்தம்.

மாலையில் ஒத்திகை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவர் நடந்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு நடந்தார். தரையில் குந்தி எழுந்தார். பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று காதால் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை கழற்றச் சொல்லி, பாதத்தின் திருகை ஒரு மயிரிழை திருப்பினார்.

“எப்படி இருக்கு?”

“நல்லாயிருக்கு அண்ணை. நோகேல்ல.”

“நோகும். நொந்தா பொறுத்துக்காதே. மறுநாளே வண்டியேறி வந்துடு.”

அவர் பழைய காலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். “மழைக்கு வெளியில போறதுக்கு இது காணும். புதுசு தேயப்படாது” என்று சிரித்தார். அலுவலகம் அலுவலகமாக நடந்தவர்கள் கால் தேய்ந்துவிட்டது என்று சொல்வதை நாம் பேச்சுவழக்காகத்தான் கேட்டிருக்கிறோம்.

வாசலைத் தாண்டி ஜல்லிச் சாலையில் அவர் நடந்துபோகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. எனக்கு இரண்டு அடியும் ஒன்றாகத்தான் கேட்டன. பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு நோட்டில் இன்னொரு வரி எழுதினார்.

“வலது கொஞ்சம் பிந்துது. ஒரு மாசத்துல வருவாரு.”